ஓரடி மீனும் ஐந்தடித் தொட்டியும்

எங்கள் வீட்டுக் கூடத்துக்கு முதன்முறையாக வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஐந்தடி நீளம், இரண்டடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. அதற்குள் கறுப்புக் கோடு போட்ட சிறிய மீன்கள் ஒரு டஜன். மூலையில் விளிம்புடைந்த மண்பானை ஒன்று. "இவ்வளவு பெரிய தொட்டியில் இவ்வளவுதானா?" பானைக்குள் ஒருவர் இருக்கிறார், பகலில் அதிகம் வெளியே வரமாட்டார் என்று சொல்வோம். குனிந்து பார்ப்பார்கள். பார்த்த வேகத்தில் நிமிர்ந்துகொள்வார்கள். அழகான இரண்டு ஏஞ்சல் மீன்கள் உள்ளறையில் பழைய இரண்டடித் தொட்டியில் இருக்கின்றன என்று தெரியவரும்போது எங்கள் ரசனையைப் பற்றிய அவர்களுடைய மதிப்பீடு மேலும் ஒரு படி இறங்கும். பெரிய மாளிகையை வேலைக்காரருக்குக் கொடுத்துவிட்டு ராஜாவையும் ராணியையும் பின்கட்டில் குடிவைத்த கதையல்லவா இது?

2016இல் கொளத்தூரில்தான் இதெல்லாம் தொடங்கியது. சென்னையில் மீன் வளர்க்கிறவர்களுக்குக் கொளத்தூரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. தெருத்தெருவாக வண்ண மீன் கடைகளும் தொட்டி கட்டுகிறவர்களும் நிறைந்த பேட்டை அது. மகளின் ஏழாவது பிறந்தநாளுக்கு ஒரு தொட்டி என்று போனோம். 80 லிட்டர் கொள்ளும் தொட்டி. எட்டணா நாணய அளவில் இரண்டு ஏஞ்சல் குஞ்சுகள். ஆறு நியான் டெட்ரா. மூன்று டைகர் பார்ப். கடைசியில் கடைக்காரர் தாமாகவே ஒன்றைப் பிடித்துப் பாலித்தீன் பையில் போட்டார். இரண்டங்குல நீளம், சாம்பல் நிறம், அடிப்பக்கத்தில் வாய். "டேங்க் கிளீனர் சார். முப்பது ரூபாதான். பாசி, மிச்சம் மீதி, அழுக்கு எல்லாத்தையும் இதுவே சாப்ட்டுக்கும். உங்களுக்கு வேலையே இல்லை."

உங்களுக்கு வேலையே இல்லை என்ற வாக்கியத்துக்கு எங்களிடம் எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. (அன்று முப்பது ரூபாயை எடுத்து நீட்டியது எங்கள் இருவரில் யார் என்பதில் இன்றுவரை கருத்து வேறுபாடு நீடிக்கிறது.)

அன்று மாலையே எல்லாவற்றையும் ஒன்றாகத் தொட்டியில் விட்டோம். முதல் வாரத்தில் இரண்டு நியான்கள் இறந்தன. மிஞ்சிய நான்கும் அடுத்த எட்டு மாதங்களில் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. ஏஞ்சல்களின் உடல் பெருத்துக்கொண்டே வந்ததை நாங்கள் வளர்ப்பின் வெற்றியாக எண்ணியிருந்தோம். ஏஞ்சல், நியான் இரண்டும் அமேசான் படுகையைச் சேர்ந்தவை. ஒரே ஊர்க்காரர்கள் ஒத்துப்போவார்கள் என்பது எங்கள் கணக்கு. மனிதர்கள் விஷயத்திலேயே பலிக்காத கணக்கு அது. ஒரு மீனின் வாய்க்குள் நுழையும் அளவுள்ள இன்னொரு மீனை அதனோடு வைக்கக்கூடாது என்ற எளிய விதியை நான்கு நியான்களைக் கொடுத்துக் கற்றோம்.

மகள் ஏஞ்சல்களுக்குப் பெயர் வைத்தாள். டைகர் பார்ப்களுக்குக்கூட ஒட்டுமொத்தமாக ஒரு பெயர் இருந்தது. சாம்பல் மீனுக்கு மட்டும் பெயர் இல்லை. கிளீனர் என்றே அழைத்தோம். வேலையின் பெயரால் அழைக்கப்படுகிறவருக்குத் தனிப்பெயர் வைக்கவேண்டும் என்று தோன்றுவதில்லை. பிலிப்பைன்ஸிலும் இந்த மீனுக்கு ஜானிட்டர் மீன் என்றுதான் பெயராம். துப்புரவுப் பணியாளர் என்று பொருள்.

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு துப்புரவாளரை வைக்கும் எண்ணம் புதிதல்ல. 1850இல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் இரண்டு தங்க மீன்களையும் வாலிஸ்நேரியா என்ற நீர்ச்செடியையும் ஒரே கலத்தில் வைத்து, செடி மீனுக்கு உயிர்வளி தரும், மீனின் கழிவு செடிக்கு உரமாகும் என்று காட்டினார். செடியின் இலைகள் அழுகி நீர் கலங்கியபோது அவற்றைத் தின்பதற்காகக் குளத்து நத்தைகளை உள்ளே விட்டார். நீர் தெளிந்தது. அடுத்த சில ஆண்டுகளிலேயே லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென ஒரு கூடம் திறக்கப்பட்டது. 1854இல் ஃபிலிப் கோஸின் புத்தகத்தால் அக்வேரியம் என்ற சொல்லும் பரவியது. வாரிங்டனின் கலத்தில் மீன்கள் இரண்டே இரண்டு. எங்கள் தொட்டியில் நெரிசல். மேலும், அழுக்கைத் தின்கிற உயிரும் கழிக்கத்தானே செய்யும்? எங்கள் கிளீனர் சுத்தம் செய்ததைவிட அழுக்காக்கியதே அதிகம். கயிறு கயிறாகக் கழிவு மிதந்துகொண்டிருக்கும்.

கிளீனர் வளர்ந்தது. வாங்கும்போது எங்களிடம் சொல்லப்படாதது என்னவென்றால், தென்னமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த இந்தக் கவசக் கெளுத்தி ஒன்றரை அடி நீளம் வரைக்கும் வளரும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். 2018 முடிவதற்குள் ஓரடி ஆகிவிட்டது. எங்கள் தொட்டியின் அகலமும் ஓரடிதான். அது திரும்ப வேண்டுமென்றால் உடலை வில்லாக வளைத்தாக வேண்டும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வால் கண்ணாடியில் அடித்துச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தை நாங்கள் விளையாட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

அந்த ஆண்டின் இறுதியில்தான் ஏஞ்சல்களின் மேல் காயங்கள் தோன்றின. காலையில் பார்த்தால் விலாவில் செதில் உரிந்து, பால்படலம் போல வெளுத்த வட்டம். டைகர் பார்ப்கள் நீண்ட துடுப்புகளைக் கடிக்கும் என்று எல்லோரும் சொல்லிக் கேட்டிருந்தோம். ஏஞ்சல்களின் துடுப்பு ஓரங்கள் கிழிந்தும் இருந்தன. தீர்ப்பு எளிதாக இருந்தது. மூன்று பார்ப்களையும் கொளத்தூருக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம். கடைக்காரர் பணம் எதுவும் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

அதன்பின் துடுப்புகள் ஆறின. விலாக் காயங்கள் தொடர்ந்தன.

இரண்டும் வேறுவேறு காயங்கள் என்பதைக் காணக் கண்கள் இருந்தும் நாங்கள் காணவில்லை. துடுப்பைக் கிழிப்பது கடி. விலாவில் வட்டமாக உரிப்பது வாய். ஒருநாள் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்து கைப்பேசி விளக்கைத் தொட்டிமேல் அடித்தபோது பார்த்தோம். ஏஞ்சல் மீன் இரவில் அசையாமல் நிற்கும். அந்தத் தட்டையான விலாவின்மேல் கிளீனர் முழு உடலோடு ஒட்டியிருந்தது. பாசியைச் சுரண்டும் அதே வாயால் உடலின் வழவழப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

கோபம்தான் முதலில் வந்தது. பிறகு, இந்த மீன் ஏன் இப்படிச் செய்கிறது என்று தேடிப் படித்தபோது வேறொன்று வந்தது. தட்டை உடலும் மந்த நடையும் கொண்ட ஏஞ்சல், டிஸ்கஸ், தங்க மீன் ஆகியவற்றின் மேல் இவை இவ்வாறு ஒட்டுவது வளர்ப்போர் நன்கறிந்த செய்தி. பெரும்பாலும் பசிதான் காரணம். பாசியும் காய்கறியும் மரச் சிம்பும் நிறைய வேண்டிய மீன் இது. எங்கள் தொட்டியில் பாசி தீர்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. இரண்டரை ஆண்டுகளாக அதற்கென்று ஒரு துண்டு வெள்ளரிக்காய்கூட நாங்கள் போட்டதில்லை. மிச்சத்தைத் தின்றுகொள்ளும் என்று சொல்லித்தான் விற்றார்கள்; மிச்சம் இருக்கிறதா என்று நாங்கள் பார்க்கவில்லை.

அதைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். "பெருசானத யாரும் வாங்க மாட்டாங்க சார். ஏதாவது ஏரியில விட்டுடுங்க" என்றார் கடைக்காரர். வீட்டில் மகளும், "அங்கே நிறைய இடம் இருக்கும்ல?" என்றாள். குற்றவாளிக்கு விடுதலை, எங்களுக்கும் விடுதலை. 2019 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூடிபோட்ட பெயின்ட் வாளியில் அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்குச் சற்றுத் தொலைவில் உள்ள ஏரிக்குப் போனோம்.

முந்தைய ஆண்டு மழை பொய்த்ததால் ஏரி பாதியாகச் சுருங்கியிருந்தது. கரையில் ஒரு பெரியவர் வீச்சு வலையை மடியில் பரப்பி உட்கார்ந்திருந்தார்.

"வாளில என்ன தம்பி?"

"மீன் ஐயா. வீட்ல வளர்த்தது. விட்டுட்டுப் போகலாம்னு..."

மூடியைத் திறந்து பார்த்தார். திட்டவில்லை. எழுந்து நான்கு எட்டு நடந்து, இங்கே வாருங்கள் என்பதுபோலக் கையை ஆட்டினார். புல்மேல் ஏழெட்டு மீன்கள் கிடந்தன. எல்லாம் எங்கள் கிளீனரின் இனம்.

"கெண்டைக்கு வலை போட்டா இதான் வருது. முள்ளு மாட்டிக்கிச்சுன்னா எடுக்கவே முடியாது, வலையத்தான் அறுக்கணும். விக்கவும் முடியாது, திங்கவும் ஆளில்ல. காக்காகூடக் கொத்தாது, ஓடு அப்படி." குச்சியால் ஒன்றைப் புரட்டினார். அதன் வாய் மெல்ல அசைந்தது. "காலையில போட்டது. இன்னும் சாவல பாருங்க."

அவர் சொன்னவை எல்லாம் பிறகு படித்தவற்றோடு பொருந்தின. இந்த மீன் காற்றை விழுங்கி வயிற்றின் சுவர் வழியாகச் சுவாசிக்கும். நீருக்கு வெளியே பல மணிநேரம் தாங்கும். ஆபத்து என்றால் துடுப்பு முட்களை விறைத்துப் பூட்டிக்கொள்ளும். கரைகளில் நீளமாக வளை தோண்டி முட்டையிடுவதால் கரை சரிகிறது. மெக்ஸிகோவின் இன்ஃபியர்னில்லோ நீர்த்தேக்கத்திலும் பிலிப்பைன்ஸின் லகூனா ஏரியிலும் மீனவர்களின் பிழைப்பில் கைவைத்தது இந்த இனம்தான். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம் எங்கும் நீர்நிலைகளில் இப்போது இது உண்டு. யாரும் கப்பலில் ஏற்றிவந்து கொட்டவில்லை. எங்களைப் போன்றவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வாளியோடு போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பெரியவர் விடாதே என்று எங்களிடம் சொல்லவேயில்லை. வலையை மீண்டும் மடியில் போட்டுக்கொண்டு அறுந்த கண்ணிகளைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். நாங்கள் வாளியோடு வீடு திரும்பினோம். அன்று இரவு முதன்முறையாக அதற்கு வெள்ளரிக்காய் வெட்டிப்போட்டோம். விடிவதற்குள் தோல் மட்டும் மிஞ்சியது.

கிராம்பு எண்ணெயைக் கொண்டு வலியில்லாமல் கொல்வது இன்னொரு வழி என்று படித்தோம். நேர்மையான வழிதான். எங்களால் முடியவில்லை. வாரந்தோறும் கோழிக்கறி சமைக்கிற வீட்டில் இந்தத் தயக்கத்துக்கு என்ன நியாயம் என்று கேட்டால் பதில் இல்லை. கொல்ல முடியாது, கொடுக்க முடியாது, விட முடியாது. எனில் எஞ்சுவது அது திரும்பிப் படுக்கும் அளவுக்கு ஒரு தொட்டி.

அதற்குள் 2019 கோடை வந்தது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் ஏறத்தாழ வறண்டன. எங்கள் தெருவில் லாரிக்குக் குடங்கள் வரிசை கட்டின. ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்க்குகளில் 25 லட்சம் லிட்டர் நீரோடு முதல் ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்ததை ஊரே பேசியது. அந்த நாட்களில் வாரம் 20 லிட்டரை மீனுக்காக மாற்றுவது எங்களுக்கே கூச்சமாக இருந்தது. "மனுசனுக்கே தண்ணி இல்ல, உங்களுக்கு மீன் கேக்குதா?" என்றார் எதிர்வீட்டு அக்கா. அவரிடம் வாதிட எங்களிடம் ஒன்றும் இல்லை. தொட்டியில் இறைத்த நீர் செடிக்குப் போகிறது, அதிலுள்ள நைட்ரேட் செடிக்கு நல்லது என்றெல்லாம் பிற்பாடு சொன்னோம். அவர் வீட்டு முருங்கைக்கும் இன்றுவரை அந்த நீர்தான் போகிறது. ஆனால் அன்று அவர் கேட்டது கேட்டதுதான்.

மழைக்காலம் கழிந்து 2020 ஜனவரியில் புதுத்தொட்டி வந்தது. நிரம்பினால் 400 லிட்டருக்கு மேல். நீரின் எடை மட்டுமே 400 கிலோவைத் தாண்டும். கண்ணாடி, மணல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் அரை டன். நல்லவேளையாக எங்களுடையது தரைத்தள வீடு.

இம்முறை அவசரப்படவில்லை. 2016இல் அந்த இரண்டு நியான்களும் ஏன் இறந்தன என்பது இதற்குள் விளங்கியிருந்தது. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும் அம்மோனியா வெளியேறுகிறது. ஒரு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கும். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை, அதிகம் தீங்கற்ற நைட்ரேட்டாக்கும். இரண்டாவது வேலையைச் செய்வது நைட்ரோபாக்டர் என்று நெடுங்காலம் எல்லாரும் எழுதிவந்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் உண்மையில் அதைச் செய்வது நைட்ரோஸ்பைரா இனத்தவை என்று 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. யாராயினும் சரி, கண்ணுக்குத் தெரியாத இந்தத் துப்புரவாளர்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கல்லிலும் குடியேறுவதற்கு வாரக்கணக்கில் ஆகும். தெளிந்த புதுத்தொட்டியில் அவர்கள் கிடையாது. மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறுகின்றன. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் போன்ற காரத்தன்மையுள்ள நீரிலும், சென்னையின் வெப்பத்திலும் அம்மோனியாவின் நஞ்சு இன்னும் கூடும்.

ஆகவே புதிய ஃபில்டரை முதலில் பழைய தொட்டியிலேயே ஒரு மாதம் ஓடவிட்டோம். பழைய கூழாங்கற்களில் பாதியைத் துணிப்பையில் கட்டிப் புதுத்தொட்டியில் தொங்கவிட்டோம். ஃபில்டர் பஞ்சைக் குழாய் நீரில் அலசாமல், தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசக் கற்றோம். குளோரின் அந்த நுண்ணுயிர்களையும் கொன்றுவிடும் அல்லவா! சொட்டு மருந்துச் சோதனையில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று உறுதியான பிறகே நாள் குறித்தோம்.

கைவலையைத் தொடவில்லை. பெரியவரின் மடியில் கிடந்த வலை நினைவிருந்தது. ஒரு பிளாஸ்டிக் தொட்டிலை நீருக்குள் சாய்த்து, வெள்ளரித் துண்டைக் காட்டி, பொறுமையாக உள்ளே வரவைத்தோம். பத்து நிமிடத்துக்கு ஒரு டம்ளர் வீதம் புது நீரை ஊற்றி ஊற்றி, விளக்கை அணைத்துவிட்டு, மெல்லச் சரித்தோம். தொட்டியின் தரையைத் தொட்டதும் சிறிது நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு கண்ணாடியை ஒட்டி ஐந்தடியும் நேராகப் போனது. போய்த் திரும்பியது. வால் எதிலும் இடிக்கவில்லை. அதற்குப் பின் இரண்டு நாள் பானையைவிட்டு வெளியே வரவில்லை.

இனி அதற்குத் துணை. முன்பு ஏஞ்சலுக்கு யார் பொருந்துவார் என்று கேட்டுத் தோற்றோம்; இப்போது கேள்வியே மாறிவிட்டது. ஏஞ்சல்கள் கூடாது, தங்க மீன் கூடாது. ஆஸ்கர் இதற்கு ஈடுகொடுக்கும். ஆனால் அதுவும் ஓரடி வளரும், இருவருடைய கழிவையும் எங்கள் ஃபில்டர் தாங்காது. மோலி, சுவார்ட்டெயில் போன்றவை எங்கள் கடின நீரை விரும்பும்; குஞ்சு ஈன்று பெருகித் தொட்டியை மீண்டும் நெரிசலாக்கிவிடும் என்று அஞ்சினோம். விரைந்து நீந்துவதாக, நடு நீரில் திரிவதாக, பக்கத்தில் வந்தால் விலகிக்கொள்வதாக ஒன்று வேண்டும். பட்டியலைச் சுருக்கிக்கொண்டே வந்தபோது மிஞ்சியது நாங்கள் பொய்க் குற்றம்சாட்டி விரட்டிய டைகர் பார்ப்தான்.

முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. துடுப்பைக் கடித்தது அவைதான். ஆனால் சுமத்ரா, போர்னியோத் தீவுகளின் இந்த மீன் கூட்டமாக வாழப் பிறந்தது. ஆறேழுக்குக் குறைந்தால் அண்டைவீட்டாரை வம்புக்கிழுக்கும். கூட்டம் பெரிதானால் தங்களுக்குள்ளேயே சண்டையும் சமரசமுமாகப் பொழுதுபோய்விடும். நாங்கள் வாங்கியது மூன்று. பன்னிரண்டு வாங்கப் போனபோது, விரட்டப்பட்ட மூன்றும் எங்காவது கண்ணில் படுமா என்று கடையில் தேடினோம். ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. இருந்தாலும் அடையாளம் தெரிந்திருக்காது.

ஏஞ்சல்கள் பழைய தொட்டியில் தனியாக, காயமின்றி இருக்கின்றன. பானைக்காரருக்கு வெள்ளரி, பூசணி, ஊறவைத்த ஒரு மரக்கட்டை. இப்போது ஒன்றரை அடியை நெருங்கிவிட்டார். ஒளி கூடினால் அவருடைய கண்மணியின்மேல் மேலிருந்து ஒரு மடல் இறங்கும், கண்ணடிப்பது போலிருக்கும். இந்தத் தொட்டிகூட அவருக்குப் போதும் என்று சொல்லமாட்டோம். ஆற்றில் இருக்க வேண்டியவர். மகள் மிகத் தாமதமாக ஒரு பெயர் வைத்தாள். அது வீட்டுக்குள் மட்டும் வழங்குவது.

சென்ற மாதம் மாடிவீட்டுக்காரர் இறங்கிவந்தார். வேலை மாற்றலாகிப் புனே போகிறார்கள். தொட்டியை விற்றாயிற்று, மற்ற மீன்களுக்கும் ஆள் கிடைத்துவிட்டது, ஒரு டேங்க் கிளீனர் மட்டும் மிச்சம், அரையடிதான் இருக்கும், உங்களிடம்தான் இவ்வளவு பெரிய தொட்டி இருக்கிறதே என்றார். வளர்ந்த இரண்டு ஒரே தொட்டியில் ஒளிவிடத்துக்காக மோதிக்கொள்ளும் என்பதையும், ஃபில்டரின் கணக்கையும் அவருக்கு விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப பரவாயில்ல சார். பக்கத்துல ஏரி இருக்குல்ல?"

ஒருநாள் அவகாசம் கேட்டோம். மறுநாள் மாலை மார்க்கெட்டுக்குப் போனவர்கள், காய்கறியோடு இன்னொரு மண்பானையும் வாங்கிவந்தோம். விளிம்பை உடைத்து, சொரசொரப்பைத் தேய்த்து, மூன்று நாள் நீரில் ஊறவைத்திருக்கிறோம். முதல் பானை இடது மூலையில் இருக்கிறது. இதை வலது மூலையில் வைக்க வேண்டும்.